படத்தின் கீழே இருந்த வரி

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். விருதுநகரிலிருந்து நேர் பஸ்ஸா, மாறி வந்தீர்களா? நேர் பஸ்ஸே கிடைத்ததா, பரவாயில்லையே. மின்விசிறி அவ்வளவுதான் சுற்றும், அதற்கு மேல் அதை வற்புறுத்த முடியாது. கமலம், தம்பிக்குக் காபி.

வரலாறு நடத்துகிற ஆசிரியர்களுக்கு இணையத்தில் இலவசமாக என்னென்ன கிடைக்கும் என்று கையேடு போடப் போகிறீர்கள். பட்டியல் கேட்டு என்னிடம் வந்திருக்கிறீர்கள். சரியான இடத்துக்குத்தான் வந்தீர்கள். இந்த மாவட்டத்தில் மற்ற ஆசிரியர்கள் எல்லாம் கைடு வாங்கி அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, நான் வகுப்பில் பழைய வரைபடத்தைத் திரையில் காட்டியவன். பரமானந்தம் சார் வகுப்பு என்றால் பிள்ளைகள் பெல் அடித்தாலும் எழுந்திருக்காது. நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, வெள்ளைக்காரன் காலத்து மாவட்ட விவரப் புத்தகங்கள், முழுசாக ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். எந்த வருஷம் எந்தத் தாலுகாவில் என்ன விளைந்தது, எத்தனை பேர் காலராவில் செத்தார்கள், எல்லாம் இருக்கும். இரண்டு, கல்வெட்டுத் தொகுதிகள். மூன்று, நில அளவைக்காரர்கள் போட்ட பழைய வரைபடங்கள். நான்கு, வெளிநாட்டு நூலகங்களில் இருக்கும் பழைய புகைப்படங்கள்...

இல்லை, நான்காவதை அடித்துவிடுங்கள்.

அடியுங்கள் தம்பி. அது வேண்டாம். ஆசிரியர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

ஏனென்றா கேட்கிறீர்கள்? நீங்கள் வெளியூர் ஆள், உங்களிடம் சொன்னால் என்ன. எனக்கும் இந்த ஊரில் மனம் விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்?

எங்கள் பள்ளி நிர்வாகப் பள்ளி. சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், நாற்காலி நிர்வாகம் கொடுக்கும். தலைமையாசிரியர் நாற்காலியைச் சொல்கிறேன். நிர்வாகம் என்றால் செயலர் தனுஷ்கோடி, அவர் குடும்பம். அவருடைய கொள்ளுத் தாத்தா காத்தப்பெருமாள் தொடங்கிய பள்ளி. நூற்றாண்டு விழா வந்தது. மேடை, பந்தல், விழா மலர் எல்லாம் தயார். நிறுவனர் படம் மட்டும் இல்லை. இருந்த ஒரே படத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். கரையானுக்குத் தெரியுமா அவர் நிறுவனர் என்று?

செயலர் என்னை அழைத்தார். "சார், நீங்கதான் நெட்ல உலகத்தையே புரட்டுறீங்களே. எங்க தாத்தா படம் ஒண்ணு எங்கேயாச்சும் மாட்டுமா பாருங்க" என்றார். அப்புறம் மேசையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "அடுத்த வருஷம் ஹெச்.எம். ரிட்டயர் ஆறாரு. எனக்கு மனசுல உங்க பேருதான் இருக்கு" என்றார்.

நீங்களே சொல்லுங்கள். இப்படிச் சொன்ன மனிதரிடம் போய் 'கிடைக்கவில்லை' என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

பத்து நாள் தேடினேன். மதிய இடைவேளை முழுக்கக் கம்ப்யூட்டர் அறையில். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருவேன், கமலம் சண்டை போடுவாள். காத்தப்பெருமாள் எங்கேயும் இல்லை. சந்தையில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிற மாதிரி தேடினேன். கடைசியில் வெளிநாட்டு நூலகம் ஒன்றின் தளத்தில் ஒரு படம் வந்தது. தலைப்பாகை. காதில் கடுக்கன். மீசை இப்படி இறங்கி ஏறும். நேராக நம்மைப் பார்க்கிற பார்வை. பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன் தம்பி. நிறுவனர் என்றால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று தோன்றியது. இவர்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். 'இப்படித்தான் இருந்திருப்பார்' என்று எனக்குள்ளே தோன்றியது, அவ்வளவுதான்.

கீழே ஒரு வரி இருந்தது. 'துணி வெளுப்பவர், சென்னை மாகாணம், 1870 வாக்கில்.' பெயர் இல்லை.

ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதை வெட்டினேன். படம் எடுத்தால் ஓரத்தை வெட்டுவது எல்லோரும் செய்வதுதானே? நீங்கள் வெட்டியதில்லையா? தோளில் ஒரு துணி மூட்டை வைத்திருந்தார். அதைப் பார்த்து ஆளுயரத்தில் வரைந்து தர வந்த ஓவியரிடம், "அது அங்கவஸ்திரம், மடிப்பு சரியாத் தெரியல, கொஞ்சம் ஜரிகை வச்சுடுங்க" என்றேன். அந்த ஓவியர் கெட்டிக்காரர். மூட்டை போய்ப் பட்டு வந்துவிட்டது.

படத்தை முதலில் செயலரின் அம்மாவிடம்தான் காட்டினார்கள். அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஓவென்று அழுதுவிட்டார். "எங்க வீட்டு ஆம்பளைங்க நெத்திடா இது. தனுஷ்கோடி, உன் நெத்தியப் பாருடா" என்று மகன் நெற்றியைத் தடவித் தடவி அழுதார். செயலர் கண்ணும் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் மனிதனா? ஒரு தாயின் கண்ணீரில் மண்ணைப் போடச் சொல்கிறீர்களா?

விழா மேடையிலேயே எனக்குப் பொன்னாடை போட்டார்கள். 'நிறுவனரை மீட்டுத் தந்த வரலாற்று ஆசிரியர்' என்று மைக்கில் சொன்னார்கள். அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன்.

அதிலிருந்து அந்தப் படம்தான் பள்ளிக்கு எல்லாம். பிரார்த்தனைக் கூடத்தில் ஆளுயரத்தில் மாட்டினார்கள். நிறுவனர் தினத்தன்று செயலர் சூடம் காட்டுவார். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் வரிசையாக வந்து விழுந்து கும்பிடும். பொதுத்தேர்வு ஹால் டிக்கெட் வந்தால் அத்தனையையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துப் படத்துக்குக் கீழே வைப்பார்கள், ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த வருஷம் தேர்ச்சி நூறு சதவீதம். சிரிக்காதீர்கள், பதிவேட்டைப் பாருங்கள். செயலர் வீட்டுப் பூஜை அறையிலும் ஒரு சின்னப் படம் போட்டுவிட்டார்கள்.

ஹெச்.எம்.முக்கு அரசு பணி நீட்டிப்பு கிடைத்தது, அப்புறம் இன்னொன்று. நான் காத்திருந்தேன். காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். என் புத்தி சும்மா இருக்க விட்டதா? பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். படத்தை வைத்தே படத்தைத் தேடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்து, 'நீங்கள் தினமும் பார்க்கிற ஏதாவது ஒரு படம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்' என்றேன். காலண்டர் படம், சோப்பு டப்பா, பாடப்புத்தகக் கோட்டை என்று எடுப்பார்கள் என்று நினைத்தேன். நாற்பத்தொரு பிள்ளைகளில் நாற்பது பேர் அப்படித்தான் எடுத்தார்கள்.

தர்ஷினி என்று ஒருத்தி. ஒல்லியாக இருப்பாள், பேசினால் பக்கத்தில் போனால்தான் கேட்கும். அவள் அப்பா ராக்கப்பன், பள்ளிக்கு எதிரே வேப்பமரத்தடியில் தேய்ப்பு வண்டி போட்டிருந்தார். எங்கள் தெருத் துணி எல்லாம் அங்கேதான். செயலருடைய வெள்ளை வேட்டியும் அங்கேதான். நான் சாதி பார்க்கிறவன் இல்லை தம்பி. அந்த வண்டியில் நின்று ராக்கப்பன் வாங்கித் தந்த டீயைக் குடித்திருக்கிறேன். என்ன, டம்ளர் பேப்பர் டம்ளர்தான், அது கடைக்காரன் கொடுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் நூலகத்தில் தனியாக இருந்தேன். வந்து நின்றாள்.

"சார், இதப் பாருங்க சார்."

பிரிண்ட் எடுத்து வந்திருந்தாள். பார்த்தேன்.

"நம்ம நிறுவனர் சார். ஆனா இதுல தோள்ல துணி மூட்டை இருக்கு. நம்ம படத்துல பட்டுத் துண்டா இருக்கு. கீழ பாத்தீங்களா சார், என்ன போட்டிருக்குன்னு?" அப்புறம் இன்னும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இவரு எங்க ஆளு சார்."

சந்தோஷமாகச் சொன்னாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். கோவிலில் சாமி பார்த்துவிட்டு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"எங்க தாத்தாவுக்கும் இதே கடுக்கன்தான் சார். அப்பா திரும்பத் திரும்ப வாங்கிப் பாத்தாரு. சார், அந்த வரிய நம்ம படத்துல யாரு சார் வெட்டினது?"

"பெயிண்டரா இருக்கும்" என்றேன்.

"பேரு போடல சார். தொழில மட்டும் போட்டிருக்காங்க. பேரு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி துணி வெளுத்தவன் பேர எவன்மா எழுதி வச்சிருக்கப் போறான்? நீ வேற படம் எடுத்துக்கோ. இத இங்க வச்சுட்டுப் போ, நான் பாத்துக்கிறேன்."

"சரி சார்" என்று வைத்துவிட்டுப் போனாள். கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிரிண்டை நான் கிழிக்கவில்லை, சத்தியமாகக் கிழிக்கவில்லை. தண்ணீர் டம்ளர் சாய்ந்துவிட்டது, எழுத்தெல்லாம் ஊறிப் போயிற்று. அவ்வளவுதான்.

அதோடு முடிந்திருக்கும். முடித்திருப்பேன். ராக்கப்பன் வாய்தான் கெடுத்தது. திங்கட்கிழமை காலை செயலருடைய டிரைவர் வேட்டி எடுக்கப் போயிருக்கிறான். "என்னய்யா, மடிப்பு நேரா இல்ல, ஐயா சத்தம் போடுவாரு" என்று ஏதோ அதட்டியிருக்கிறான். ராக்கப்பன் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க ஐயா தெனமும் எங்க ஆளுக்குத்தான்யா சூடம் காட்டுறாரு. எங்களுக்கே மடிப்புச் சொல்லித் தராதீங்க" என்று சிரித்திருக்கிறார். நாலு பேர் நின்றிருந்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சிரிப்பு. டீக்கடையில், "என்னப்பா, பள்ளிக்கூடத்துல அழுக்குத் துணி எடுத்துக்கறாங்களாமே" என்கிறான் ஒருத்தன்.

மறுநாள் செயலர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர், நான், ராக்கப்பன், அந்தப் பெண். ராக்கப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் கட்டச் சொல்லவில்லை, அவராகத்தான் கட்டிக்கொண்டார்.

"என்ன சார்" என்றார் செயலர் என்னிடம், "எங்க பூஜை ரூம்ல யாரக் கொண்டாந்து வச்சிருக்கீங்க? எங்கம்மா ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிக்கல."

எனக்குப் பின்னால் இருபத்தேழு வருஷ உழைப்பு நின்றது தம்பி. முன்னால் ஒரு நாற்காலி. நடுவில் நான். யோசிக்க எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

"நான் குடுத்தது சரியான படம் ஐயா" என்றேன். "மூட்டை இருக்கிற படம் இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பண்ணின வேல. இப்பல்லாம் பட்டுத் துண்ட மூட்டையாக்குறது அஞ்சு நிமிஷ வேல. விளையாட்டுத்தனம், விட்டுடுங்க."

விட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன், கவனித்தீர்களா? அவளுக்காகத்தான் சொன்னேன். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

செயலர் ஒரு தாளை நீட்டினார். 'கணினியில் நானே விளையாட்டாகச் செய்த படம், மன்னிக்கவும்' என்று அவள் சொல்வதாக எழுதியிருந்தது. அவள் வாங்கிப் படித்தாள்.

"நான் செய்யல ஐயா. இருக்கிற படம்தான். சார்தான் தேடக் கத்துக் குடுத்தாங்க." என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க சார்."

அந்த அறையில் ஏ.சி. இருக்கிறது. அதில் சிவப்பாக எண் தெரியும். இருபத்து நான்கு என்று இருந்தது.

"சார்" என்றாள் மறுபடி.

"பெரியவங்க சொல்றாங்கம்மா, கையெழுத்துப் போட்டுடு" என்றேன்.

போடவில்லை. ராக்கப்பன்தான், "ஐயா, கிண்டலுக்குச் சொன்னேன், எங்க புத்தி" என்று தானே பேனாவை வாங்கிப் போட்டார். அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

வாரம் முடிவதற்குள் டி.சி. கொடுத்துவிட்டார்கள். பதினொரு கிலோமீட்டர் தள்ளி அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். யோசித்துப் பார்த்தால் நல்லதுதான் நடந்தது. அங்கே பஸ் பாஸ் இலவசம், சைக்கிள் இலவசம். வண்டியை மட்டும் வேப்பமரத்தடியிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ராக்கப்பன் பைபாஸ் பக்கம் போனார் என்று கேள்வி. அதிலிருந்து என் சட்டையை நானே தேய்த்துக்கொள்கிறேன், காலர் சரியாக வருவதே இல்லை. கஷ்டம் அவர்களுக்கு மட்டும்தானா?

இவ்வளவும் செய்து எனக்கு என்ன கிடைத்தது, கேளுங்கள். ஹெச்.எம். ரிட்டயர் ஆனார். செயலர் கணக்கு லோகநாதனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். என்னைவிட ஆறு வருஷம் ஜூனியர். ஆனால் வயதில் மூத்தவர், லேட்டாக வேலைக்கு வந்தவர். கேட்டதற்கு, "உங்களுக்கு ஆராய்ச்சி இருக்கே சார், எதுக்கு நிர்வாகத் தலவலி?" என்றார். அந்த 'ஆராய்ச்சி' என்ற சொல்லை ஒரு மாதிரி இழுத்தார். அவருக்குத் தெரியும் தம்பி. அன்றைக்கே தெரிந்திருக்கும்.

படத்தைக் கழற்றினாரா? அதுதான் இல்லை. கழற்றினால் ஊர் சொன்னது உண்மை என்று ஆகிவிடுமே. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. இன்றைக்கும் சூடம் காட்டுகிறார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காட்டுகிறார். பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? நான்.

காபி ஆறுகிறது, குடியுங்கள்.

இந்த மே மாதம் லோகநாதன் ரிட்டயர் ஆகிறார். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. செயலர் போன வாரம் கூப்பிட்டு, "பாக்கலாம் சார்" என்றார். அஞ்சு வருஷத்தில் முதல் முறை. பழசெல்லாம் ஆறிவிட்டது என்றுதான் நினைத்தேன். நீங்கள் பட்டியல் கேட்டீர்களே, சுட்டிகள் எல்லாம் திறக்கிறதா என்று நேற்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தப் படத்தின் பக்கத்தையும் திறந்தேன். பார்ப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்க்கலாம் என்று கீழே ஒரு இடம் விட்டிருக்கிறார்கள். முன்பு அது வெறுமையாக இருக்கும்.

திருப்புங்கள் லேப்டாப்பை. இதோ, இதுதான். நீங்களே வாசியுங்கள்... சரி, நானே வாசிக்கிறேன். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. 'இவர் பெயர் தெரியவில்லை. காத்தப்பெருமாள் மேல்நிலைப் பள்ளியில் நிறுவனர் என்ற பெயரில் இவருடைய படம் மாலையோடு இருக்கிறது. இந்தத் தளத்திலிருந்து எடுத்து, தொழிலைச் சொல்லும் வரியை நீக்கிக் கொடுத்தவர் அப்பள்ளியின் வரலாற்று ஆசிரியர். இவரைப் பற்றி அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். ரா. தர்ஷினி, முதுகலை வரலாறு, முதலாம் ஆண்டு.' ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறாள். பிழை இல்லாத ஆங்கிலம்.

பார்த்தீர்களா? என் பெயரைக்கூடப் போடவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவன், வெறும் 'வரலாற்று ஆசிரியர்' என்று தொழிலை மட்டும் போட்டிருக்கிறாள். ஒரு மனுஷனுக்கு அவ்வளவுதான் மரியாதையா?

போடாததும் நல்லதுதான், இல்லையா? ஆனால் எங்கள் பள்ளிக்கு வரலாற்று ஆசிரியர் நான் ஒருவன்தானே. செயலர் மகன் வெளிநாட்டில் படிக்கிறான், எந்நேரமும் நெட்டில்தான் இருக்கிறான். மே மாதத்துக்குள் அவன் கண்ணில் பட்டால் என் கதை முடிந்தது. இலவசத் தளம், உலகத்தில் எவன் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அதனால்தான் தம்பி, பட்டியலை போனிலேயே சொல்லியிருப்பேன், நேரில் வாருங்கள் என்றேன். உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. பக்கத்தில் பாருங்கள், 'இந்தக் குறிப்பை நீக்கக் கோருக' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்துங்கள். அழுத்துங்கள், பரவாயில்லை. பெயர் கேட்கிறதா? என் பெயர் வேண்டாம், 'ஊர்ப் பொதுமக்கள்' என்று போடுங்கள். காரணம் என்ன என்று கேட்கிறதா? 'இந்தக் குறிப்பு பொய்யானது, ஒரு மாணவி தனிப்பட்ட விரோதத்தால் எழுதியது' என்று நல்ல ஆங்கிலத்தில் போடுங்கள்.

என்ன, கையை எடுத்துவிட்டீர்கள்? டைப் பண்ணுங்கள்.

இன்னும் ஒரு கட்டம் இருக்கிறதா? என்ன கேட்கிறது?

ஆதாரமா?

அதை நிரப்பாமல் அனுப்ப முடியாதா தம்பி?